லேபிள் ஒட்டிய நிழல்கள்

கல்யாணமான மறுநாள் கிரேஸை மருந்துக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பியபோது, அவளுடைய நிழல் மட்டும் எழுந்து வராமல் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தது. இது அறுபத்து நான்கில், கும்மிடிப்பூண்டியில் நடந்தது. கல்யாணமானால் பெண்களுக்கு வேலை கிடையாது என்பது அந்தக் கம்பெனியின் விதி. அவர்கள் அடிக்கடி லீவு போடுவார்கள் என்பது மேனேஜர் பூவராகவன் சொன்ன காரணம். மாமனார் ஊர்த் திருவிழா ஒன்றுக்கும் அவர் லீவு போடத் தவறியதில்லை. நிழலைக் கண்டு முதலில் நடுங்கியவர், அது டீயோ சம்பளமோ கேட்பதில்லை என்று தெரிந்ததும் தெம்பாகிவிட்டார். பிறகு மற்றப் பெண்களுக்கு அவரே வரன் தேடினார். அவர்களில் ஒருத்தியான செண்பகத்தின் கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தார். அடுத்த வருஷம் பெஞ்சு நிறைய நிழல்கள்.

கிரேஸ் நிழலில்லாமல் சவுக்குத் தோப்புக்குக் கூலி வேலைக்குப் போனாள். உச்சி வெயிலில் அவளைப் பார்த்தவர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். புருஷன் மோசஸ் மட்டும் அவளை ஒட்டி நடந்து தன் நிழலில் பாதியைக் கொடுத்தான். "இன்னாத்துக்கு அழுவுற? அது உன்னுதுதான, போய்க் கேளு" என்றான். அவள் லேபர் ஆபீசரிடம் போய்க் கேட்டாள். அவர் அவளையும் அழைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்து பெஞ்சைப் பார்த்தார்.

"இது யார் நிழல்?"

"கிரேஸோடது சார்" என்றார் பூவராகவன் பெருமையாக. "ஒரு நாள் லீவு போட்டதில்ல."

"கல்யாணமானவங்க லீவு போடுவாங்கன்னு சொன்னீங்களே?"

பூவராகவன் ஆபீசருக்கு டீ சொல்லியனுப்பினார். கிரேஸ்தான் பேசினாள்: "நெழலு உள்ள வேல செஞ்சிகினு கீது, நான் வெளிய பட்டினியா நின்னுகினு கீறேன். இன்னா நாயம் சார் இது?"

நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டுப் போன ஆபீசர், மாதக்கணக்கில் யோசித்தார். அதற்குள் டெல்லியில் பெரிய கோர்ட்டு, வேறு ஊர்க் கம்பெனி ஒன்றின் வழக்கில், இப்படிப்பட்ட விதி செல்லாது என்று சொல்லிவிட்டது. தானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்ததாக ஆபீசர் எல்லோரிடமும் சொன்னார்.

பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். நிழல்கள் நகர்ந்து இடம்விட்டனவே தவிர எழவில்லை. தொழிலாளர் சங்கம் அவற்றையும் உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. எழுபத்தாறில், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டம் வந்தது. அந்த மாதச் சம்பள வரிசையில் நிழல்களும் முதல் தடவையாக எழுந்து வந்து நின்றன. கேஷியர் தலையை நிமிர்த்தாமலே, "கையெழுத்தா, கைநாட்டா?" என்றார்.