மூண்டு என்றால் தூக்கு

அனுஜனும் நானும் எட்டு வருடங்களாகச் சோடியாகப் பனிச்சறுக்கு ஆடியவர்கள். அவன் தூக்குவான், நான் அவன் கைகளில் மேலே நிற்பேன். ரொக்ஸ்பரோவில் நாங்கள் பயிற்சி எடுத்த பனி மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து சோடிகள் சுற்றும். எல்லோரும் பிரெஞ்சில் ஒன்று, இரண்டு என்று கத்தினால் யாருடைய எண்ணிக்கை யாருக்கு என்று விளங்காது. அதனால் எங்கள் எண்ணிக்கை தமிழில்; எண்ணுவது நான். ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூண்டு என்றால் தூக்க வேண்டும்.

ஜனவரியில் தேசியப் போட்டி வர இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. என்னைத் தூக்கக்கூடிய பையன்கள் இந்த நகரத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. அனுஜன் இல்லாவிட்டால் என் ஆட்டமும் இல்லை.

செப்ரெம்பரில், முதுகுப் பிடிப்பு, சனிக்கிழமைகளில் வரமாட்டேன் என்றான். நான் ஒரு மடைச்சி. அம்மாவைக்கொண்டு எண்ணெய் காய்ச்சுவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த முதுகிலே கொள்ளி வைக்க.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சறுக்குச் சப்பாத்தின் கத்தியைத் தீட்டுவிக்க பக்கத்து நகரமான லவாலில் இருந்த ஒரு பனி மைதானத்துக்குப் போனேன். சப்பாத்தை அங்கிருந்த கடையில் கொடுத்துவிட்டு நின்றபோது உள்ளேயிருந்து கேட்டது: ஒண்டு, ரெண்டு, மூண்டு. பெண் குரல்.

எட்டிப் பார்த்தேன். எங்களோடு பயிற்சி எடுக்கிற மெலனி, பதினேழு வயதுப் பிள்ளை, அனுஜனின் தலைக்கு மேலே நின்றாள். ஓரத்தில் எங்கள் பயிற்சியாளர் சில்வி.

என்னைக் கண்டதும் அனுஜன் அவளை இறக்கிவிட்டுத் தடுப்படிக்கு வந்தான்.

"கஜந்தினி, இண்டைக்குத்தான் முதல் நாள். சும்மா ஒருக்காச் செய்து பாத்தனாங்கள்."

"பொய் சொல்லாதை. வெள்ளைக்காரப் பெட்டை மூண்டை எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரிச் சொல்லுறாள். ஒரு நாளிலையோ பழக்கினனீ?"

அவன் திரும்பிச் சில்வியைப் பார்த்தான்.

சில்வி வந்தார். "திங்கட்கிழமை சொல்ல இருந்தேன்," என்றார் பிரெஞ்சில். "ஜனவரிக்கு இவர்கள் இருவரும்தான். ஏப்ரலில் நீ விழுந்ததிலிருந்து உன்னைத் தூக்க அவனுக்குப் பயம். எண்ணிக்கையைத் தவறவிட்டேன் என்று நீதானே சொன்னாய்?"

சொன்னேன்தான். ஆனால் அன்று என் எண்ணிக்கை சரி. முதல்நாள் சிநேகிதனின் கலியாணத்தில் ஆடிவிட்டு நித்திரையில்லாமல் வந்த அனுஜன்தான் என்னை மேலே வைத்துக்கொண்டு பிடியை விட்டான். என் மணிக்கட்டு முறிந்தது. அம்புலன்ஸ் வருமுன் என் காதருகே குனிந்து, "சில்வியிட்டைச் சொல்லிப்போடாதை, என்னை நிப்பாட்டிப்போடுவா," என்று கெஞ்சினான். நான் பாவம் பார்த்துப் பிழையை என் தலையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது எல்லாவற்றையும் சில்வியிடம் பிரெஞ்சில் கொட்டினேன். பிடியை விட்டதை, கெஞ்சியதை, ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு அவன் பக்கம் திரும்பினேன்.

"உண்மையைச் சொல்லடா."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "அவளுக்குக் கோபம், பாவம்," என்று பிரெஞ்சிலேயே சில்வியிடம் மெதுவாகச் சொன்னான். "விழுந்த அன்று அவள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்."

சில்வி அவனைத்தான் நம்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஏப்ரலில், முறிந்த கையோடு, அவருடைய கண்ணைப் பார்த்து நான் அவ்வளவு நன்றாகப் பொய் சொல்லியிருந்தேன்.