கவுன்டரில் சொன்ன பதில்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். சன்னலோர நாற்காலியில், முதுகுக்கு ஒன்று வயிற்றுக்கு ஒன்று என இரண்டு தலையணைகளோடு மீட்டர் அக்கா. பம்ப் கம்பெனியில் மீட்டர் வைத்துக் கசிவுச் சோதனை பார்ப்பவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். எதிரே அவள் கணவர், வரி அலுவலகக் கவுன்டர் குமாஸ்தா, எழுந்து ஓட வசதியாகக் கதவோரம். பிரிட்ஜ் பக்கத்து முக்காலியில் அவருடைய அக்கா, துவைத்த துணியை மடித்துக்கொண்டு, வாயை மட்டும் மடிக்காமல்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் ஒரு வரிக்குத்தான் சண்டை.

இரண்டு மாதத்துக்கு முன், மீட்டர் அக்காவின் ஓயாத உதிரப்போக்குக்கு, கர்ப்பப்பையின் உள்தோலைச் சூட்டால் கருக்கிவிட்டால் போதும், காலையில் வந்தால் மாலையில் வீடு என்றார்கள். போனாள், வந்தாள். ஆனால் சூடு எல்லை தாண்டி, பக்கத்து வீட்டுக்காரியான குடலையும் தொட்டுவிட்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. இறங்க வேண்டிய வலி மூன்றாம் நாள் ஏறியது. கம்பெனிப் பழக்கத்தில் மணிக்கொரு முறை நோட்டில் பத்துக்கு இத்தனை என்று குறித்தாள்: மூன்று, ஐந்து, ஏழு. போன் செய்தால், வாயுவாக இருக்கும், நடங்கள் என்றார்கள். நடந்தாள். வயிறு மத்தளமானது.

சாயங்காலம் நலம் விசாரிக்க நர்ஸ் கூப்பிட்டது படிவத்தில் இருந்த எண்ணை, அதாவது கணவரை. கவுன்டரில் வரிசை நின்றது. "சார், அவங்களுக்குக் காத்து பிரிஞ்சுதா?" போனில் ஒலி அதிகம், முன்னால் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். குமாஸ்தாவுக்குக் காது சிவந்தது. பிரிஞ்சுது, பிரிஞ்சுது என்று முனகி வைத்துவிட்டார். காற்றுப் பிரிந்தால் குடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று கணக்கு; அந்தப் பதிலை நம்பி ஆஸ்பத்திரி ஒரு நாள் நிம்மதியாக இருந்தது. மறுநாள் காய்ச்சலும் வாந்தியுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றைத் திறந்து, வெந்த குடலில் ஒரு சாண் வெட்டியெடுத்து, மீதியை ஒட்டித் தைத்தார்கள்.

இப்போது பேக்கிங் பிரிவுத் தோழி அடுத்த வியாழக்கிழமை அதே சிகிச்சைக்குப் போகிறாள். அவள் கையிலும், வீட்டுக்குப் போனபின் என்ன செய்வதென்று ஆஸ்பத்திரி தரும் அதே துண்டுச்சீட்டு. வலி ஏறினால் உடனே வா என்று அதில் ஒரு சொல் இல்லை. மீட்டர் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இது ஏன் என்று கேட்டதற்கு, உங்கள் வீட்டில்தான் எல்லாம் சரி என்றார்களே, பதிவு இருக்கிறது என்றார்கள்.

"நான் போன்ல பொய் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடேன். ஆபீஸ்ல தெரிஞ்சா தலை காட்ட முடியாது" என்றார் கணவர்.

"அவ வயித்துக் காத்துக்கு நீ எப்படா ஏஜென்ட் ஆன?" என்றாள் அவருடைய அக்கா, தம்பியின் சட்டையையே உதறியபடி.

மீட்டர் அக்கா சிரிக்கப் போய்த் தையலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது. ஏங்க, எங்க கம்பெனில பக்கத்துல நிக்கறவன் கசிவு இல்லைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டோம். மீட்டரைத்தான் பார்ப்போம். அவங்க என்னைக் கேட்டிருக்கணும். நீங்க சொன்னதை மறைச்சா, என்னைக் கேட்டிருக்கணும்னு எப்படிங்க நான் எழுதறது? வியாழக்கிழமை போறவளுக்கும் யாராவது ஒருத்தர் வீட்டுல பதில் சொல்லிடுவாரு."

கணவர் சற்று நேரம் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு பேனாவை அவரே வாங்கிக்கொண்டார். குமாஸ்தா கையெழுத்து, வரி கோணாது. 'நோயாளியிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டீர்கள். எதிரே பதினோரு பேர் நின்றதால் கூச்சப்பட்டுப் பொய் சொன்னேன். காற்றுப் பிரியவில்லை. இனி நோயாளியையே கேளுங்கள். வலி ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும், வயிறு உப்பினாலும் உடனே வரச் சொல்லிச் சீட்டில் அச்சடியுங்கள்.'

தலை எண்ண நேரம் இருந்திருக்கிறது பார் என்றாள் அவருடைய அக்கா.

வலி குறித்த நோட்டின் நகலையும் சேர்த்து, உறையை ஒட்டி, அவரே தபால் நிலையம் போனார். வரிசை நீளம். அவர் முறை வந்தது.

"அவசரமா, சாதாரணமா?" என்றாள் கவுன்டர் பெண்.

"அவசரம்மா. எங்க வீட்டம்மாவோட குடல் விஷயம்" என்றார், பின்னால் நின்ற ஆறு பேருக்கும் கேட்கும்படி.

முத்திரை விழுந்தது. உறை பைக்குள் போனது.