முதல் வாய்

மாசிப் பனி தண்ணீரின் மேல் படுத்திருக்கிறது. எழுந்து போக மனமில்லாத விருந்தாளி மாதிரி. கரை தெரியவில்லை. கருவேல மரங்களின் தலை மட்டும் தெரிகிறது, கழுத்துவரை மூழ்கிய ஆட்களைப் போல.

இந்தப் பனிதான் காளீஸ்வரிக்குக் கதவு. இது கலைவதற்குள் அவள் ஒரு மீன் பிடித்துவிட வேண்டும்.

ஊரைச் சுற்றி மூன்று தண்ணீர். பெரிய கண்மாயில் காவல்காரன் இருக்கிறான், கையில் கம்பு இருக்கிறது. ஊருணி குடிதண்ணீர், கால் நனைத்தாலே சத்தம் போடுவார்கள். மூன்றாவது ஆலங்கண்மாய். அங்கே காவல் இல்லை. ஆள் இல்லை. கொக்கு மட்டும் நிற்கிறது.

கார்த்திகையில் அங்கேதான் அவள் புருஷன் செத்துப்போனான்.

கருமலையான் குத்தகைக்காரருக்கு வலை இழுத்தவன். மழை கொட்டிய நாளில், நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கம் வலை சிக்கியது. எறங்கி எடுடா என்றார்கள். இறங்கினான். வலையை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அவனை மறுநாள் எடுத்தார்கள்.

குத்தகைக்காரர் ராசாங்கம் மாலையோடு வந்தார். பெரிய மாலை. அதோடு முடிந்தது.

ஆளை விழுங்கிய தண்ணீரில் ஊர் வலை போடாது. செத்தவன் வீட்டார் அந்தத் தண்ணீரின் மீனை முதலில் ஒரு வாய் சாப்பிட வேண்டும்; தனி அடுப்பு வைத்த அண்ணன் தம்பி சாப்பிட்டால் சேராது. அதுவரை அது பிணம் தின்ற மீன். அந்த ஒரு வாய்க்குப் பிறகு அது வெறும் மீன். குழம்பு வைக்கலாம், வறுக்கலாம், விருந்துக்குப் போடலாம். ஊரின் அருவருப்பு அவ்வளவு வசதியானது.

தை பிறந்ததிலிருந்து ராசாங்கம் ஆள் அனுப்பினார். "ஒரு வாய் வச்சிருத்தா. நாலு குடும்பம் பொழச்சுப் போகட்டும்."

"அவரு கெடந்த தண்ணிய நான் எப்படிண்ணே தொடுவேன்." தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

அழுகை பொய் இல்லை. ஆனால் அழுகைக்குள் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அவள் சாப்பிடாதவரைக்கும் ஆலங்கண்மாய் அவளுடையது. முழுக் கண்மாயும். புருஷன் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

கதிர் அறுத்துக் களம் காலியாகிவிட்டது. கூலி வேலை இல்லை. இருந்தாலும் தாலி அறுத்தவளைக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். யாழினிக்கு ஏழு வயது. தர்ஷிகாவுக்கு நாலு. ரேஷன் அரிசி இருக்கிறது. அரிசியோடு வைக்க ஒன்றும் இல்லை.

முதல் நாள் தூண்டிலில் மீன் துடித்தபோது கரையிலேயே வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாளும் எடுத்தாள். அப்புறம் நின்றுவிட்டது. பிள்ளைகள் விரலை நக்கியதைப் பார்த்த பிறகு வயிறு வாயைப் பொத்திக்கொண்டது.

அவள் மட்டும் தொட்டதில்லை. கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

வலை கூடாது. வலை விழும் சத்தம் கரை தாண்டும். மூங்கில் கம்பு கூடாது. தூக்கி நடந்தால் ஊருக்குத் தெரியும். நைலான் நரம்பை விரலில் சுற்றிக்கொள்வாள். மடியில் ஒரு தூண்டில் முள், ஒரு தவளைக்குஞ்சு.

மடையடியில் ஆழம். பனிக்காலத்தில் விரால் அங்கேதான் கிடக்கும், சேற்றோடு சேறாக, சோம்பி. வாய்க்கு நேரே இரை ஆடினால்தான் திறக்கும். விராலை மட்டும்தான் பிடிப்பாள். விராலில் நடுமுள்ளைத் தூக்கிப் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். கெண்டை மாட்டினால் திரும்ப விட்டுவிடுவாள். கெண்டைக்கு உடம்பெல்லாம் முள். மயிர் மாதிரி முள்.

மடையில் உட்கார்ந்தால் எதிரே கலுங்கு. அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

புளிக்குழம்பு வைத்தால் தெருவே எட்டிப் பார்க்கும். அதனால் பூசணி இலையில் சுற்றித் தணலில் புதைப்பாள். கொசுவுக்கு என்று வேப்பிலைப் புகை போடுவாள். செதிலைக் குழி தோண்டி மூடுவாள். மோப்பம் பிடித்து வரும் பூனைகளைக் கல்லால் அடிப்பாள். அவை என்ன பாவம் செய்தன.

இது ஏதும்மா என்று யாழினி கேட்டாள். அப்பா குடுத்துவிட்டது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது என்றாள். பிள்ளைகள் நம்பினார்கள். பிள்ளைகள் எதையும் நம்புவார்கள்.

அன்றைக்குப் பனி கொஞ்சம் அதிகம். தண்ணீர் விரலை அறுத்தது.

விரால் வாய் திறக்கவில்லை. மடையடியில் போட்டுப் பார்த்தாள். கோரைப் பக்கம் நகர்ந்து போட்டாள். தாமரைக்கொடி ஓரம் போட்டாள். ஒன்றும் அசையவில்லை. வெயில் ஏறி ஓரத் தண்ணீர் சுட்டால் விரால் மேலே வரும். அது அவளுக்குத் தெரியும். வெயில் ஏறினால் அவளும் தெரிவாள். அதுவும் தெரியும்.

பனி கிழிய ஆரம்பித்தது. கருவேல மரங்களுக்கு இடுப்பு முளைத்தது.

தவளைக்குஞ்சை உருவி எறிந்துவிட்டு மண்புழுவைக் கோத்தாள். போட்டதும் இழுத்தது. கெண்டை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விட வேண்டும். நேற்றும் பிள்ளைகளுக்கு வெறுஞ்சோறு. விட வேண்டும்.

விடவில்லை.

தடவித் தடவி முள் எடுத்தாள். ஒவ்வொரு துண்டையும் நசுக்கிப் பார்த்துதான் ஊட்டினாள். ஒன்று தப்பிவிட்டது.

தர்ஷிகா கழுத்தைப் பிடித்தாள். காளீஸ்வரி சோற்றை உருட்டி விழுங்க வைத்தாள். போகவில்லை. முதுகில் தட்டினாள். எச்சில் சிவப்பாக வந்தது. டவுனுக்குப் பஸ் மதியம்தான். பக்கத்து வீட்டில் சிட்டம்மாள் இருக்கிறாள், கருமலையானின் அண்ணன் பொண்டாட்டி. தொண்டை முள் எடுப்பதில் கைகாரி.

காளீஸ்வரி வாசலில் நின்றாள். பிள்ளை திணறிக்கொண்டிருக்க, கண்மாயை நினைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் ஓடினாள்.

"ஆ காட்டுடி தங்கம். இன்னும் காட்டு. கடிச்சேன்னா பல்லைப் பேத்துருவேன்." சிட்டம்மாள் பிள்ளையை மடியில் சாய்த்தாள். செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு விரலை உள்ளே விட்டு எடுத்தாள். மயிர் மாதிரி ஒரு முள். உள்ளங்கையில் வைத்து வெயிலில் பார்த்தாள்.

"கெண்டை."

"சந்தையில வாங்குனதுக்கா."

"நீ எப்படி சந்தைக்குப் போன? துக்கம் கழியாம வாசலைத் தாண்டக் கூடாதுன்னு மூலையில ஒக்காந்திருக்கவ."

தர்ஷிகா பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். வலி போன சிரிப்பு. உதட்டோரம் ரத்தம் இருந்தது.

"எங்கப்பா குடுத்துச்சு."

சிட்டம்மாள் கோபப்படவில்லை. திட்டவில்லை. அவள் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் ஏறியது. காளீஸ்வரிக்கு அதுதான் பயமாக இருந்தது. சிட்டம்மாளின் புருஷனும் வலை இழுக்கிறவன். கார்த்திகையிலிருந்து அந்த வீட்டிலும் சட்டி காலி.

"அக்கா, சொல்லிறாதக்கா. எம் பிள்ளைக இதவச்சுத்தான்க்கா உசுரோட கெடக்குதுக."

"எம் பிள்ளைக எதவச்சுடி கெடக்குதுக?"

சத்தமே இல்லாமல் கேட்டாள். கேட்டுவிட்டு முள்ளை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.

மதியம் வலை இறங்கியது. வெயிலுக்கு விரால் மேலே வந்தது. காலையில் அவளுக்கு வராத விரால், கூட்டம் கூட்டமாக, முதுகு பளபளக்க.

ஊரே கரையில் நின்றது. பிணந்தின்னி என்று அவளைக் காலையில் பேசியவள் மதியம் சட்டியோடு வந்திருந்தாள். "தங்கமானவ. முறையச் செஞ்சிட்டா, சொல்லத்தான் கூச்சப்பட்டுட்டா" என்றாள் இன்னொருத்தி. "எத்தன விராலுடி தின்ன, கன்னமே வச்சிருச்சு" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனசோடுதான் சிரித்தார்கள்.

காளீஸ்வரி ராசாங்கத்தின் முன்னால் போய் நின்றாள். "நான் ஒரு வாய்கூட வைக்கலண்ணே. பிள்ளைக மட்டுந்தான் தின்னுச்சுக. அது கணக்கில்ல."

ராசாங்கம் யோசித்தார். யோசிப்பது போல இருந்தார்.

"அதுக அவன் ரத்தமில்லையாத்தா. ஒன் வாயவிட அந்த வாய் ஒசத்தி."

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் விராலை அவள் கையில் கொடுத்தார். செத்தவன் வீட்டுக்கு முதல் மீன். மரியாதை.

"மடைப் பக்கம் ஒரு ஓரமாண்ணே. ஒரு நரம்பு மட்டும் போட்டுக்கிறேன்."

"குத்தகைத் தண்ணித்தா இது. ஒனக்கு விட்டா ஊருக்கே விடணும்." குரல் கனிவாகத்தான் இருந்தது. "அங்கிட்டு தள்ளி நில்லு. வலை இழுக்கிற எடம்."

தள்ளி நின்றாள்.

சாயங்காலம் தெரு முழுக்கப் புளி கொதித்தது. எல்லா வீட்டிலும் அம்மி ஓடியது. சிட்டம்மாள் வீட்டுப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. காளீஸ்வரியும் கதவைத் திறந்துபோட்டுக் குழம்பு வைத்தாள். யாழினி மறுபடி மறுபடி சோறு கேட்டாள். தர்ஷிகாவுக்குத் தொண்டை வீங்கியிருந்தது. வாசனை பிடித்தாள், வாயைத் திறந்தாள், விழுங்க முடியாமல் அழுதாள். அழுதபடியே தூங்கிப்போனாள்.

தட்டில் பிள்ளையின் பங்கு ஆறிக்கொண்டிருந்தது. காளீஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி சாப்பிடாமல் இருந்து காப்பாற்ற ஒன்றும் இல்லை.

எடுத்து வாயில் வைத்தாள்.

ருசியாக இருந்தது. கருவேல மரத்தடியில் அவனைக் கிடத்தியபோது வயிறு ஊதியிருந்தது, அதை நினைத்தாள். நினைத்துக்கொண்டே இன்னொரு வாய் எடுத்தாள். தட்டை வழித்துத் தின்றாள். சட்டியை வழித்தாள்.

வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எல்லா வீட்டு அடுப்புப் புகையும் அதில் போய்ச் சேர்ந்தது. எது பனி, எது புகை என்று தெரியவில்லை.