பங்காளிப் பாசி

பாசியும் மனிதனும் பங்காளிகள் என்றால் யாரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள். அதைச் சொல்லித்தான் அவள் சம்பளமே வாங்குகிறாள். செடிகொடிகள் எங்கிருந்து வந்தன, எப்படி மாறின என்று ஆராய்வது அவள் வேலை. பங்கு பிரிந்து கோடிக்கணக்கான வருடங்கள் ஆகியும், சில மரபணுக்களை இரண்டு வீட்டாரும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அதில் ஒன்றில்தான் தம்பிக்குப் பிழை. கால்கள் ஏற்கெனவே போய்விட்டன. இப்போது கைகளும் தளர்கின்றன. இதே பிழையுள்ள வேறு ஆள் உலகத்தில் அகப்படவில்லை.

"இதுதான் காரணம்னு காட்டுங்க, மருந்தை ஆரம்பிச்சிடலாம். ஒத்தை ஆளை வெச்சு நான் எப்படிம்மா முடிவு பண்றது?" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆள் இல்லாவிட்டால் என்ன, பங்காளி இருக்கிறானே! அக்கா அதே பிழையைப் பாசிக்குள் ஏற்றினாள். ஒரு வரிசைத் தட்டுகளில் பிழையுள்ள பாசி, எதிர்வரிசையில் நல்ல பாசி. இரண்டுக்கும் ஒரே வெளிச்சம், ஒரே தண்ணீர். பேச்சுத்துணைக்குக் குளிர்சாதனப் பெட்டியின் முனகல்தான்.

நல்ல பாசி கொழுகொழுவென்று வளர்ந்தது. மற்றது வெளுத்துச் சுருண்டது. காரணம் இதுதான் என்று தெரிந்துவிட்டது; துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். அவளோ வெளுத்த தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் ஜன்னலோரக் கட்டிலைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவள், யோசிக்காமல் அந்த வெளுத்த வரிசையை விளக்கடியில் நகர்த்தி வைத்துவிட்டாள்.

அளவெடுக்கும் நாளில் இரண்டு வரிசையும் ஒரே பச்சை. மாதக்கணக்கான உழைப்பு பாழ். இவ்வளவு படித்தவளுக்கு இந்தப் புத்தி!

தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"பொழச்சிடுச்சா?"

"பொழச்சிடுச்சுடா. உன் மருந்துதான் தள்ளிப்போச்சு."

"என்னை மாதிரி உலகத்துல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் குணமாக்கிட்டியே!" என்றான். பிறகு சிரிப்பு நின்றது. "அடுத்த தடவை அதைக் காப்பாத்தாதக்கா."

மறுபடி தட்டுகளை அடுக்கினாள். மறுபடி ஒரு வரிசை வெளுக்கத் தொடங்கியது. அன்றும் அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அவ்வளவு தனியாக அவள் ஒருபோதும் இருந்ததில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்த வரிசையிலிருந்து விளக்கு ஒரு முழத் தூரத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.