பொத்தான் அக்காவின் சர்வர்

பத்து மணிக்குப் புதிய சர்வருக்குச் சோதனை. தவறினால் மறுநாள் வர வேண்டியதில்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார். பொத்தான் அக்கா ஈர விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தபடி காத்திருந்தாள். பதினோராண்டுகளாக மருத்துவமனை டோக்கன் பக்கத்தின் பொத்தான்களுக்கு நிறங்கொடுத்து, தொட்டால் அசையச் செய்தவள்; அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பொத்தான்களை அசைத்த, பிரௌசருக்குள் மட்டுமே பிழைத்துவந்த அதே ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டு இப்போது, பின்னாலிருந்து எல்லோருக்கும் டோக்கன் வழங்கும் சர்வரையும் எழுதியிருந்தாள்.

"பொம்மைக்குச் சட்டை தச்ச ஊசியால கப்பலுக்குப் பாய் தைக்கிறீங்களேக்கா!" என்று சிரித்தான் பக்கத்து இருக்கைக்காரன். பழைய சர்வர் அவன் கட்டியது.

"முதல்ல உன் வாயத் தைக்கிறேன், இரு."

ஒன்பதரைக்கு இருவரும் தத்தம் கைப்பேசியில் டோக்கன் பதிந்து பார்த்தனர். அவன் சிரிப்பு நின்றது.

"அக்கா, என் டோக்கன்ல உங்க பேரு வருது!"

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு வரிகளைப் படித்தான்.

"பேரப் பொதுவுல வச்சிட்டீங்க. பிரௌசர்ல அவங்கவங்களுக்குத் தனி வீடு. இங்க அத்தனை பேரும் ஒரே கூடத்துல நிக்கிறாங்க. பேர அவங்கவங்க கையிலயே குடுத்துடுங்க."

மஞ்சள் சீட்டொன்றில் கூடத்தையும் குச்சி மனிதர்களையும் வரைந்து காட்டி, அதைத் தன் திரையின் விளிம்பில் ஒட்டினான். அவள் நான்கு வரிகளை இடம் மாற்றினாள்.

பத்தடித்தது. ஐந்நூறு, இரண்டாயிரம், ஐயாயிரம் என ஒரே நேரத்தில் பதிபவர்களின் எண்ணிக்கை திரையில் ஏறியது. அவள் எழுதிய அந்த ஒற்றை நிரல், ஒருவருடைய விவரத்தை எடுத்துவர ஆளனுப்பிவிட்டு, அது திரும்பும்வரை சும்மா நில்லாமல் அடுத்தவரை அழைத்தது. வந்ததை உரியவரிடம் சேர்த்துவிட்டு மறுபடி திரும்பியது. எவரும் நிற்கவில்லை, எந்தப் பெயரும் மாறவில்லை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொத்தானை அசைத்த மொழியா இது?

"அடேயப்பா! என்னோடது எழுநூறுலயே மூச்சு வாங்குமேக்கா!" அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

பின்னால் வந்து நின்ற மேலாளரும் வாய்பிளந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "ரெண்டு பக்கமும் ஒரே மொழிதானே? அப்ப ஒரே ஆள் போதுமில்ல?"

அவர் அவளைப் பார்த்துக் கேட்கவில்லை; அவனைப் பார்த்துக் கேட்டார்.

மதிய உணவு முடிந்து அவள் திரும்பியபோது பக்கத்து இருக்கை காலியாயிருந்தது. பணியாள் ஒருவர் அவனுடைய திரையைத் தூக்கிவந்து, "இனி இதுவும் உங்களுக்குத்தானாம்மா," என்று அவள் மேசையில் வைத்து அவள் கணினியோடு இணைத்தார். எண்கள் தடையின்றி ஏறிக்கொண்டிருந்தன. விளிம்பில் மஞ்சள் சீட்டு அப்படியே இருந்தது: ஒரு கூடம், அதில் குச்சி மனிதர்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெயர்.