வயிற்றுப் பட்டை

மூடியிருந்த படுக்கையறைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா. அவசரமே இல்ல. மூச்சை வெளிய விட்டுக்கிட்டே தொப்புளை முதுகோட ஒட்ட வைக்கிற மாதிரி உள்ள இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க. இப்ப விடுங்க. நேத்து மாதிரி வலி இல்லையே?"

தையற்காரி துணி வாளியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பனியன் நனைந்து, முகம் சிவந்து அவள் கணவர் வெளியே வந்தார். அறைக்குள் வேறு யாரும் இல்லை. தரையில் ஒரு பாய் விரிந்து கிடந்தது. அதன்மேல் அவருடைய கைப்பேசி.

"யாரு பேசுனது?"

"வீடியோம்மா. வயித்துக்கான எக்சர்சைஸ். எல்லாரும் பண்றாங்க."

"எல்லாரும் பண்ணட்டும். நீங்க எதுக்குப் பண்றீங்க?"

"தொப்பை போட்டுடுச்சில்ல," என்று வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுப்பில் முட்டை வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

சரி என்றுதான் அவளும் நினைத்தாள். துணியைக் கொடியில் உதறிப் போடும்போதுதான் அந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. வீடியோவில் வருகிற பெண்ணுக்கு நேற்றைய வலியைப் பற்றி எப்படித் தெரியும்?

அவளுக்கு வீட்டின் முன்னறைதான் கடை. புதுத் துணி தைப்பதில்லை. பிடித்துக் கொடுப்பதும் பிரித்துக் கொடுப்பதும்தான் வேலை. இளைத்தவர்களுக்குப் பிடிப்பாள், பெருத்தவர்களுக்குப் பிரிப்பாள். தெருவில் நடந்து போகிறவரின் இடுப்பளவை ஜன்னலிலிருந்தே சொல்லிவிடுவாள். கணவருக்கு நாற்பதைத் தாண்டி வயிறு தள்ளியபோது ஒரு வார்த்தை சொன்னவளில்லை. அவர் கால்சட்டைகளின் பின்தையலைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே வந்தாள். அவருக்கே தெரியாமல் அவர் பெருத்துக்கொள்ள இடம் கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கண்ணாடிக் கிடங்கில் வேலை. ஆளுயர ஜன்னல் கண்ணாடிகளை வண்டியிலிருந்து இறக்கி வைப்பது. அந்த வேலையைத் தனியாளாகச் செய்ய முடியாது. ஜோடியாகத்தான் தூக்க வேண்டும். முன்னால் போகிறவன் இருமினால் பின்னால் வருகிறவன் நிற்க வேண்டும். ஜோடி சரியில்லாவிட்டால் போவது கண்ணாடி மட்டுமல்ல, கையும்தான். அதனால் அங்கே ஆட்கள் ஜோடியை மாற்ற மாட்டார்கள். இவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஜோடி நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர். மனைவியை இழந்தவர். கால் சுளுக்கு என்று விடுப்பெடுத்து வெளியூரிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கணவர் சொல்லியிருந்தார்.

அந்த முள் சிக்கிய பிறகு, இதுவரை பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் வரிசை கட்டி வந்து நின்றது. வீட்டில் முட்டை நிற்பதேயில்லை. ராத்திரி பயறு ஊற வைக்கிறார். ஊறியதைக் காலையில் துணியில் கட்டுகிறார். முளை வந்ததும் பெரிய டப்பாவில் போட்டு எடுத்துப் போகிறார். வறுத்த கடலை, தயிர், இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சாப்பாடு. கேட்டால், "தசை வளரணும்னா நல்லா சாப்பிடணும்மா, சும்மா குனிஞ்சு நிமிர்ந்தா போதாது," என்கிறார். அவ்வளவும் சாப்பிட்டால் மனிதர் பெருக்க வேண்டும். இவரானால் இளைத்துக்கொண்டு வருகிறார். மாலையில் வேலை விட்டதும் ஜிம்முக்குப் போவதாகச் சொல்கிறார். திரும்பி வரும்போது வேறு வீட்டு சோப்பின் வாசனை வருகிறது.

எதிர்க்கடை பட்டன்காரி நூல்கண்டு கொடுக்க வந்தவள் மேசையிலிருந்த கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது அண்ணனோடதுதானே? பிரிக்கிறியா, பிடிக்கிறியா?"

"பிடிக்கிறேன். இடுப்புல நிக்க மாட்டேங்குதாம்."

"அடடே. இந்த வயசுல ஆம்பளைக்கு வயிறு குறையுதா? ஏன்டி, உனக்காகவா குறைக்கிறாரு?"

"எனக்கு எதுக்கு? நான் என்ன வயித்தைப் பார்த்தா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்," என்று சிரித்தாள் பட்டன்காரி. கெட்டவள் இல்லை. ஆனால் கல்லைப் போட்டுவிட்டுக் குளம் கலங்குகிறதா என்று எட்டிப் பார்க்கிற ஆள்.

அன்று மாலை குளம் கலங்கத்தான் செய்தது. அவர் முகம் கழுவப் போயிருந்தபோது அவருடைய பையைத் திறந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் செய்யாத வேலை. டப்பாவுக்கு அடியில், ஒரு துண்டுக்குள் சுருட்டி, அகலமான வயிற்றுப் பட்டை ஒன்று இருந்தது. அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற வகை. பிள்ளை பெற்ற பெண்கள் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்வார்களே, அது. அப்படி எத்தனையோ பட்டைகள் அவள் கடைக்குத் தையலுக்கு வந்திருக்கின்றன.

ஒட்டுகிற இடத்தில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். தேய்மானம் பொய் சொல்லாது. நாடாவை எடுத்து அளந்தாள். இருபத்தொன்பது அங்குலம். கணவரின் இடுப்பை எவ்வளவு இறுக்கினாலும் அதற்குள் அடக்க முடியாது. அவளுடைய கணக்கில் அது ஒரு பெண்ணின் இடுப்பு. மெலிந்த, இளம் பெண்ணின் இடுப்பு. பிள்ளை பெற்றவள்.

ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருந்ததைக் கறுப்பு நூலால் யாரோ தைத்திருந்தார்கள். நூல் கோணல்மாணலாக, எறும்பு வழி தவறிப் போனது போல ஓடியிருந்தது. முடிச்சு மேல்பக்கமே துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். அவசரத்துக்குச் சட்டைப் பித்தானை இப்படித்தான் தைத்துக்கொள்வார். வீட்டிலேயே ஒரு தையற்காரி இருக்க, அவளிடம் கொடுக்காமல், எங்கேயோ உட்கார்ந்து விரலில் குத்திக் குத்தி அவரே தைத்திருக்கிறார்.

பட்டையைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். அந்தத் தையல்தான் நெஞ்சை அறுத்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை இருவரும் விட்டுப் பல வருஷமாகிறது. சண்டை போட்டு விடவில்லை. ஒருவரையொருவர் நோகடிக்க வேண்டாம் என்று விட்டதுதான். அந்த மௌனத்தைத் தன் வாழ்வின் பெரிய வரமாக நினைத்து ஒவ்வொரு நாளும் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். மௌனத்துக்குள் அவர் வேறு கதவைத் திறந்து வைத்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"நெட்டை அண்ணன் எப்ப வர்றாராம்?"

"வருவான். அவங்க அண்ணன் வீட்ல நல்லா இருக்கான்."

"போன் பண்ணீங்களா?"

"ம்."

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். பொய் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் இதில் எதற்குப் பொய் என்பதுதான் விளங்கவில்லை. படுக்கப் போகும் முன் வழக்கமாகச் செய்கிற ஜெபத்தில் அன்று ஒரே ஒரு வரிதான் வந்தது. கடவுளே, நான் நினைக்கிறது தப்பா இருக்கட்டும்.

மறுநாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுக் கண்ணாடிக் கிடங்குக்கு எதிரே, செருப்புத் தைப்பவரின் குடைக்குப் பின்னால் போய் நின்றாள். ஒளிந்து நிற்பது கேவலமாக இருந்தது. இருந்தாலும் கால் நகரவில்லை. வேலை விட்டு வெளியே வந்த கணவர் பழக்கடையில் நின்று வாழைப்பழம் வாங்கினார். வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை, ஜிம் இருக்கிற தெருப் பக்கமும் திரும்பவில்லை. சலவைக்கடைச் சந்துக்குள் நுழைந்து, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படியில் ஏறினார். தன் வீட்டுப் படி போலக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறாரே என்று நினைத்துக்கொண்டே அவளும் பின்னால் ஏறினாள்.

கடைசி மாடியில் ஒரு கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அதே பெண்ணின் குரல்.

"முதுகு தரையை விட்டு எழும்பக் கூடாது. ஒரு கால மட்டும் மடக்குங்க. தையல் போட்ட இடத்துல இழுத்துச்சுன்னா உடனே நிறுத்திடுங்க. நாளைக்கு எனக்கு மெசேஜ் போடுங்க."

அவள் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து ஒரு ஆண் குரல் கேட்டது. அது கணவருடையது அல்ல.

"தினமும் வீடியோ அனுப்புற ஆஸ்பத்திரி அம்மா நல்லாதான் சொல்லுது. எனக்கு இதெல்லாம் வேணாம்டா. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணியாச்சு, தச்சாச்சு, தானா சரியாகும். குழந்தை மாதிரி மல்லாக்கப் படுத்துக் கால ஆட்டிக்கிட்டு. யாராவது பார்த்தா சிரிப்பாங்க."

நெட்டையின் குரல். வெளியூரில் அண்ணன் வீட்டிலிருக்க வேண்டிய நெட்டை.

"நீ உனக்காகப் பண்ண வேணாம்டா, எனக்காகப் பண்ணு." இது கணவர். "தனியா பண்ணா எனக்கு ஓட மாட்டேங்குது. வீட்ல அவ உயிரை எடுக்குறா. தொப்பை குறையாம சாப்பாடு கிடையாதுன்னு சொல்லிட்டா."

"உன் சம்சாரமா? அந்தப் பொண்ணு அப்படியெல்லாம் பேசாதுடா."

"வெளியில பார்க்குறதுக்குத்தான் அப்படி. உள்ள வந்து பாரு. நேத்து நாடாவை வச்சு அளந்து பார்த்து, இன்னும் குறையலன்னு தட்டைப் பிடுங்கிட்டா."

"பொண்டாட்டிக்குப் பயந்தாங்கொள்ளி."

"ஆமாடா. படு. பழம் அப்புறம், முதல்ல படு."

கதவிடுக்கில் பார்த்தாள். எலும்பும் தோலுமாக நெட்டை தரையில் கையூன்றி உட்கார்ந்துகொண்டிருந்தார். சட்டையைத் தூக்கி, கணவர் தைத்துத் திரும்பக் கொண்டுவந்திருந்த அந்தப் பட்டையை வயிற்றிலிருந்து கழற்றினார். பட்டை கழன்ற இடத்தில் உடம்பு அவ்வளவு ஒடுங்கியிருந்தது. நாடாவில் அவள் அளந்த பெண், இந்த மனிதர்தான். ஒரு பக்கத்தில், காலையிலேயே கணவர் கொண்டுவந்து கொடுத்திருந்த அவளுடைய பெரிய டப்பா, காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் சோப்பு.

வயிறு கிழித்துத் தைத்த ஆளை ஜோடியாக நிறுத்தக் கிடங்கில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, தசை தேறுகிறவரை ஒளிந்திருக்கிறார். யாரிடமும் சொல்வதில்லை என்று கொடுத்த வாக்கை இவர் காப்பாற்றியிருக்கிறார், கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாமல்.

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய வேகத்தில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அது முழுசாக இறங்கிவிடவும் இல்லை. நான் எப்போது தட்டைப் பிடுங்கினேன்? எத்தனை நாளாக இந்த அறையில் நான் ஒரு ராட்சசியாக இருந்து வருகிறேன்? எவ்வளவு சரளமாகச் சொல்கிறார். நல்லதைச் செய்கிறவர் அதை இவ்வளவு திருட்டுத்தனமாகவா செய்ய வேண்டும்? இப்படிப் பொய் சொல்லத் தெரிந்தவர் இதற்கு மட்டும்தான் சொன்னாரா?

அவள் காலை நகர்த்தியபோது கதவு கிறீச்சிட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவரின் முகத்தில் ரத்தமே இல்லை. நெட்டை அவசர அவசரமாகச் சட்டையை இழுத்து வயிற்றை மூடினார். ஒரு பெண்ணின் முன்னால் அம்மணமாகப் பிடிபட்டவரைப் போல அவர் கண்கள் ஓடின. கதவுக்கு ஓடின, கணவருக்கு ஓடின. 'நீதான் சொன்னியா?' என்ற கேள்வி அதில் இருந்தது. இன்னும் ஒரு நொடி போனால் அவர் எழுந்து கதவைச் சாத்திவிடுவார், பிறகு யாருக்கும் திறக்க மாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் இடுப்பில் கைவைத்தாள்.

"இங்கதான் இருக்கீங்களா? ஜிம்முக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து அரட்டையா? நான் ஒருத்தி சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கிட்டே இருக்கேன். வயிறு அப்படியே இருக்கு."

கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் நெட்டையின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க ஊர்ல இருந்து எப்ப வந்தீங்கன்னு நான் கேக்கல. அது உங்க விஷயம். நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கப் போறதில்ல. ஆனா இவரை நம்ப முடியாது. பாதியில எழுந்துடுவாரு. நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு, நீங்களும் பண்ணி, இவரையும் பண்ண வைங்க. அந்தப் பட்டையும் கொடுங்க. யாரு தச்சது இது, ஆட்டுக்குக் காயம் தச்ச மாதிரி?"

நெட்டை பட்டையைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"ஏம்மா தங்கச்சி, நெஜமாவே தட்டைப் பிடுங்கினியா?"

அவள் ஜெபம் செய்கிறவள். பொய்க்கு நாக்குக் கூசும். கணவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"பிடுங்கினேன். இன்னைக்கும் பிடுங்குவேன்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. உதட்டோரம் ஏதோ அசைந்தது, சிரிப்பாகவும் இருக்கலாம். சுவரைப் பார்த்தார், காலி டப்பாவைப் பார்த்தார், நண்பனைப் பார்த்தார். பிறகு பட்டையை மெல்ல அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து மல்லாந்து படுத்தார்.

கணவரும் படுத்தார். கைப்பேசியில் அந்தப் பெண் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். தையற்காரி தன் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, நிலைப்படியில் உட்கார்ந்து, கறுப்பு நூலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். ஒன்று பெரியதும் ஒன்று ஒட்டியதுமாக இரண்டு வயிறுகள் வேறுவேறு வேகத்தில் உள்ளே போய் வந்தன. தரையில் கிடந்த கணவர் கண்ணை மேலே உருட்டி, தலைக்குப் பின்னாலிருந்த அவளைப் பார்த்தார். அவள் பக்கமிருந்து அந்த முகம் தலைகீழாகத் தெரிந்தது. நெற்றி கீழே, வாய் மேலே. அந்த வாய் சிரிக்கிறதா, கெஞ்சுகிறதா என்று பார்க்க அவள் தலையைச் சாய்த்தாள். அதற்குள் அவர் மூச்சை விட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.