தபசு காலத்துப் பசை

கண்டக்குழிக் கோயில் பாட்டுப் பெட்டி பாடினால்தான் எனக்குக் கல்யாணம். அப்படிச் சொன்னவர் என்னைப் பெற்ற அப்பா, இன்னாசிப்பிள்ளை. என்னைப் பெண் கேட்டு வந்த, கடலுக்குப் போகாமல் மணிக்கூடும் றேடியோவும் திருத்துகிற சாள்ஸுக்கு அவர் வைத்த பரீட்சை அது.

சண்டைக் காலம். உயிர்த்த ஞாயிறுக்கு ஓர்கன் வாசிக்கக் கொழும்பிலிருந்து வருகிறவர், சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து வரமாட்டேன் என்றுவிட்டார். மிச்சம் இருந்தது கோயில் மூலையில் கிடந்த பழைய பெட்டிதான். கைபிடியைச் சுற்றினால் பின்பக்கத்துத் தோல் துருத்தி காற்று ஊத, அது தானாகப் பாடும். இப்போது துருத்தியின் தோல் ஒட்டு விட்டுப் போயிருந்தது.

வேலை அப்பாவின் கண்முன் நடக்க வேண்டுமாம். பெட்டி எங்கள் வீட்டு வளவுக்கு வந்தது. சாள்ஸ் தில்லையடித் தச்சர் ஹயாத்து முகம்மதுவிடம் போய், மாட்டுத் தோல் காய்ச்சிச் செய்த வச்சிரப் பசை வாங்கி வந்தார்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாளும் எங்கள் வீட்டில் இறைச்சி விலக்கு. அப்பா வாசலிலேயே மறித்தார். "தபசு காலத்தில மாடு எங்கட வளவுக்குள்ள வராது, தம்பி."

"திங்கிறதுக்கு இல்ல மாமா, ஒட்டுறதுக்கு."

"காய்ச்சினா மணக்கும்தானே? மீன் தோலக் காய்ச்சுங்க. மீனில பாவமில்ல."

பெண் கேட்டு நிற்கிற ஆம்பிளைக்கு வாய் ஏது? திருக்கை மீன் தோலை அப்பாவே கொண்டுவந்து கொடுத்தார். சாள்ஸ் அதைக் காய்ச்சி ஒட்டிய நாற்றத்தில் எனக்குத் தலையிடி வந்ததுதான் மிச்சம்.

உயிர்த்த ஞாயிறு காலை சாள்ஸ் கைபிடியைச் சுற்ற, பெட்டி பாடியது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்பா, தானே பாடியதுபோல் மீசையைத் தடவிக்கொண்டார்.

துருத்தி ஊத ஊத மீன் வாடை கோயிலை நிறைத்தது. முதலில் ஒரு பூனை வந்தது. பிறகு கரையிலுள்ள பூனைகள் எல்லாம் வந்தன. ஒன்று துருத்தியைக் கவ்வி இழுக்க, ஒட்டு விட்டுப் பாட்டு இழுபட்டு நின்றது. சனம் சிரித்தது. பூசை வைத்த சுவாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். எங்கள் மானம் கப்பலேறியது.

அப்பா எழும்பினார். "பாத்தீங்களா, இவன நம்பினதுக்கு..."

எனக்கு வந்த கோபத்தில் கோயில் என்றும் பார்க்கவில்லை. "வச்சிரம் வேணாமெண்டது நீங்க. மீன் தோல் தந்ததும் நீங்க. இப்ப அவரப் பேசுறீங்களே, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா அப்பா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், சாள்ஸைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்து, பூனைகளை விலக்கி, பெட்டிக்குப் பின்னால் முழங்காலில் இருந்தார். பிரிந்த தோலை இரண்டு உள்ளங்கைகளாலும் இறுக்கிப் பொத்தினார்.

"சுத்துங்க, மருமகன்" என்றார்.